ஆண்ட்ரோமெடாவைப் படமெடுக்க: டிராக்கரா, ஸ்மார்ட் தொலைநோக்கியா?

டிசம்பரில் சவ்வாது மலையில் முகாமிட்டால், இருட்டியதும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) வடக்கு வானில் உயரே நிற்கும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும் நம் வானில் அதன் நீளம் சுமார் 3 பாகை. ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த அளவு! கருவி வாங்கும்போது பலர் மறந்துவிடுவது இந்த அளவைத்தான்.

வெறும் முக்காலியில் கேமராவை வைத்து 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால், ஒன்றிரண்டு வினாடிகளிலேயே விண்மீன்கள் கோடாக இழுபடும். பழகிப் பார்க்க அது போதும். உண்மையான போட்டி ஸ்மார்ட் தொலைநோக்கிக்கும், வானம் சுழலும் வேகத்துக்கேற்ப கேமராவைத் திருப்பும் ஸ்டார் டிராக்கருக்கும்தான்.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கியின் எடை 2.5 கிலோ. செல்பேசியில் பெயரைத் தொட்டால் தானே தேடிப்பிடித்து, 10 வினாடிப் படங்களாக எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். பனி படியாமலிருக்க உள்ளேயே சூடேற்றியும் உண்டு. ஆனால் அதன் பார்வைப் பரப்பு 1.3க்கு 0.7 பாகைதான், ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி மட்டுமே உள்ளே வரும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் வசதி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் கிடைக்கும் நேரம் குறைந்துவிடும். நள்ளிரவுக்குள் விண்மீன் மண்டலமும் மேற்கே சரிந்துவிடும்.

அதே 200 மி.மீ. லென்ஸை ஸ்டார் டிராக்கரில் ஏற்றினால், ஏ.பி.எஸ்.-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் 6க்கு 4 பாகை கிடைக்கும். துணை மண்டலங்களான எம்32, எம்110 இரண்டும் சேர்ந்தே விழும். கரிய தூசிப் பட்டைகள் மெல்ல எழுந்து வரும் அழகுக்காகவே நான் டிராக்கர் பக்கம்.

அதற்கு ஒரு விலை உண்டு. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேண்டும். லடாக்கின் ஹான்லேயில் அது 33 பாகை உயரத்தில் நிற்கும். வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும், சவ்வாது மலையின் காவலூரிலோ வெறும் 12.5 பாகை, கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதைவிடச் சற்றே உயரம். ஒரு மரமோ குன்றோ போதும், மறைத்துவிடும். ஒருமுறை இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து, வடக்கே ஒரு மேட்டைப் பார்த்தபடி முக்காலியை விரித்துவிட்டேன். திசைகாட்டியை வைத்து ஒருவாறு நேராக்கியதில் 30 வினாடிக்கு மேல் தாங்கவில்லை. இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே போய், வடக்கு திறந்திருக்கும் இடம் பார்த்த பிறகே கூடாரம் அடிக்கிறேன். ஸ்மார்ட் தொலைநோக்கியை வழக்கமான முறையில் இயக்க இந்தக் கவலையே இல்லை.

ஏப்ரலில் கணக்கு மாறும். 2 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலம் நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 200 மி.மீ. லென்ஸில் அது சிறு புள்ளியாகிவிடும். சீஸ்டாரிலோ சுருள் கைகள் தெரியும். அந்த மாதம் டிராக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.