பினாங்கில் கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்: மலையா, ஊரா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சின்னக் கப்பல் சுற்றுலாக்களில் மலேசியாவின் பினாங்குத் தீவு அடிக்கடி வரும் துறைமுகம். காலையில் வந்து மாலையில் கிளம்பும் கப்பல் என்றால் எட்டு மணி நேரம் கிடைக்கும். இறங்குவது, பாஸ்போர்ட் சோதனை, முன்கூட்டியே திரும்பி ஏறுவது எல்லாம் கழித்தால் ஆறு. அதைப் பினாங்கு மலைக்குக் கொடுப்பதா, ஜார்ஜ் டவுன் ஊருக்கா? இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால், பாதி ஊரைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மலையின் கவர்ச்சி சாதாரணமில்லை. 1923 முதல் ஓடும் கம்பிவட ரயில், செங்குத்தான சரிவில் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும். மலை உச்சி 833 மீட்டர். கீழே வேர்த்துக் கொட்டும்போது மேலே இதமாக இருக்கும். மேகமில்லாவிட்டால் ஊர், நீரிணை, பெருநிலத்தோடு சேர்க்கும் பாலம் எல்லாம் தெரியும். மேலே ஒரு முருகன் கோவிலும் உண்டு. குன்று இருந்தால் விடுவோமா என்ன!

சிக்கல் வரிசையில்தான். விடுமுறை நாளில் ஏறவும் நிற்க வேண்டும், இறங்கவும் நிற்க வேண்டும். கூடுதல் பணம் கட்டினால் தனி வரிசை உண்டு. ஆனால் மேகம் இறங்கிவிட்டால் எந்த டிக்கெட்டாலும் பயனில்லை. நாமாகப் போனால் கப்பலோ நமக்காகக் காத்திருக்காது. அந்தப் பதற்றத்தோடு எந்தக் காட்சியையும் ரசிக்க முடியாது.

ஊருக்கு அந்தத் தொல்லை இல்லை. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து நடந்தே போகலாம். 1786இல், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்தாலே போதும் என்பேன். அப்புறம் பிட் தெரு. 1818இல் கட்டிய தேவாலயம், சீனர்களின் கருணை அம்மன் கோவில், தமிழ் முஸ்லிம்களோடு பிணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், எல்லாம் ஒரே தெருவில். 1833இல் எழுந்த மாரியம்மன் கோவிலின் பின்புறமும் இந்தத் தெருவில்தான். கோபுரத்தைப் பார்க்கக் குயின் தெருவுக்குச் சுற்றி வர வேண்டும். அங்கே பூக்கடை, புடவைக்கடை, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. கடல் தாண்டி வந்தது நம் தெருவுக்கேதானா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

வெயில் ஏறினால் கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதைக்குள் ஒதுங்கலாம். ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். படம் எடுக்க நிற்கும் கூட்டம்தான் அதிக நேரம் தின்னும். அந்த நேரத்தைச் சியூ குடும்பத்தாரின் மரக்கால் வீடுகள் கடலுக்குள் நீளும் படகுத்துறைக்குக் கொடுங்கள். மதியத்துக்கு நாசி கண்டார். ஒரு காலத்தில் காவடி போலத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறு அது. "பஞ்சிர்" என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றுவார்கள்.

கப்பலே நடத்தும் பேருந்துச் சுற்றுலா விலை அதிகம். ஆனால் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். முதியவர்களோடு மலைக்கே போக வேண்டும் என்றால் அதுதான் சரி.

கப்பல் மதியம் வந்து இரவில் கிளம்பினால் என் கணக்கு மாறும். மாலையில் மலையேறி, விளக்கேற்றிய ஊரை மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கலாம். கோவிலும் கடைத்தெருவும் அடைத்திருந்தாலும் நாசி கண்டார் கடைகள் இரவிலும் திறந்திருக்கும்.