ஆர்.டி.இ. இலவச சீட்: அந்த ஒரு கிலோமீட்டர்

ஆர்.டி.இ. என்பது கல்வி உரிமைச் சட்டம். அதன்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். 2024-இல் அக்கா மகளின் எல்.கே.ஜி. சேர்க்கைக்காக அதற்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போட்டது நான்தான். சீட் கிடைத்தது. ஆனாலும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்தான் கொடுப்பேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பம் போடுவது சுலபம், மொபைலிலேயே முடித்துவிடலாம். அது தெரியாமல் நாங்கள் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் வருமானச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று சொல்ல, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, அது வரும்வரை ஒரு வாரம் பதறிக்கொண்டு காத்திருந்தோம். அது தேவையே இல்லை. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. என்றால் சாதிச் சான்றிதழ் போதும், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். குலுக்கல் பள்ளியிலேயே, எல்லோர் கண்முன்னும் நடந்தது. சிபாரிசு இல்லை, நேர்காணல் இல்லை. பெயரை வாசித்தபோது அக்கா அழுதுவிட்டாள்.

சரி, இனி குறை. அக்கா குடும்பம் முன்பு கூவம் கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். வேலை மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் விடிகாலையில் பஸ் பிடித்து அடையாறில் மூன்று வீட்டுக்குச் சமைக்கப் போகிறாள். பிள்ளையைக் கூடவே கூட்டிப்போய் அங்கே ஒரு பள்ளியில் விட்டுவிட்டு, மதியம் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் அவள் ஆசை. ஆனால் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகள்தான் இந்தத் திட்டத்தில் கணக்கு. வசதியானவர்கள் ஒரு பக்கம், ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் இன்னொரு பக்கம் என்று இருக்கிற சென்னையில் இந்த வட்டம் யாரை யாருடன் சேர்த்து உட்கார வைக்கும்? அவள் சமைக்கிற வீட்டுப் பிள்ளைகளும் அவள் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்க இந்தத் திட்டத்தில் வழியே இல்லை. அப்புறம், கிறிஸ்தவர், முஸ்லிம் போன்ற சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி இந்த 25 சதவீதம் பொருந்தாது என்பதால், நகரின் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பலவும் பட்டியலிலேயே வராது.

சேர்ந்த பிறகு இன்னொரு அதிர்ச்சி. புத்தகம், சீருடை, 'ஆக்டிவிட்டி' என்று பள்ளி 11,000 ரூபாய் கேட்டது. கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். ஆர்.டி.இ. பிள்ளைகளின் புத்தகம், சீருடைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-லேயே சொல்லியிருந்தது எங்களுக்கு அப்போது தெரியாது. இலவசம் என்று நம்பி வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

2025-இல் நிலைமை இன்னும் மோசம். இந்தத் திட்டத்துக்கான நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்ததில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது. ஜூனிலேயே பள்ளி திறந்துவிட்ட பிறகு, கையில் காசில்லாத அம்மா அதுவரை பிள்ளையை எங்கே வைத்திருப்பாள்?

இவ்வளவுக்குப் பிறகும் விண்ணப்பம் போடுங்கள் என்றுதான் சொல்வேன். சாதிச் சான்றிதழை மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள். பள்ளியில் எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அக்காவிடம் அந்த 11,000-க்கு ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை.