நீண்ட ஓட்டம்: ஒரே மூச்சிலா, பிரித்தா?

மாரத்தன் 42.195 கிலோமீட்டர். வேலை, பிள்ளைகள் என்று அலைகிற இலங்கை மலையகத்து ஹட்டன், தலவாக்கலைக்காரர்களுக்கு நீண்ட ஓட்டப் பயிற்சிக்கு இரண்டு வழி இருக்கிறது: ஞாயிறு காலையிலேயே முழு ஓட்டத்தையும் ஓடி முடிப்பது, இல்லையென்றால் சனி மாலை பாதி, ஞாயிறு காலை மீதி.

ஒரே மூச்சில் ஓடினால்தான் உடம்புக்கு உண்மையான களைப்பு பழகும். இரண்டு மணி நேரம் தாண்டும்போது தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாச்சத்து நன்றாகக் குறைந்திருக்கும். எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது வாழைப்பழம் சாப்பிடுவது என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும். ஆனால் விடியுமுன் தேயிலை மலைக்குள் தனியாக இறங்காதீர்கள், சிறுத்தை நடமாடும் தோட்டங்கள் உண்டு. வெளிச்சம் வந்து புறப்பட்டால் வீடு திரும்ப வெயில் ஏறிவிடும், வீட்டு வேலையெல்லாம் மற்றவர் தலையில் விழும்.

பிரித்து ஓடுவது குடும்பத்துக்கு இதமானது. சனிக்கிழமைக் களைப்பு காலில் இருக்கும்போதே ஞாயிறு தொடங்குவதால் பயிற்சியும் வீணாகாது. நம் தோட்டப் பாதைகளின் இறக்கம் முன்தொடையைப் பதம் பார்க்கும். ஒரே நாளில் அத்தனை இறக்கமும் இறங்காமல் இருப்பது முழங்காலுக்கு நல்லது. அக்டோபர், நவம்பரில் மட்டும் பிற்பகல் இடிமழை சனி மாலையைக் கெடுத்துவிடும்.

அரை மாரத்தனுக்குப் பிரித்து ஓடுவதே போதும் என்பேன். முழு மாரத்தன் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறையாவது வீட்டில் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்திய இரண்டு, மூன்று வாரங்களில் எப்படி ஓடினாலும் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும்.