சூடா, ஊசியா, ஓய்வா: ரேக்ளா குதிரையின் முன்னங்கால் வீங்கினால்

திருக்கடையூரில் காணும் பொங்கல் ரேக்ளா முடிந்ததும், முன்னங்கால் வீங்கி நொண்டும் குதிரைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெரியவர்கள் சூடு போடச் சொல்வார்கள். இளவட்டங்கள் வலி ஊசி போட்டால் அடுத்த பந்தயத்துக்கே ஓடும் என்பார்கள். மருத்துவர் ஓய்வு என்பார்; அது யாருக்கும் பிடிக்காது.

குதிரைக்கு முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பும் தோலும், சதையை எலும்போடு கட்டும் தசைநாரும்தான். தார் சாலையில் முழு வேகத்தில் ஓடும்போது பின்பக்கத் தசைநாரின் இழைகள் அறுந்து, கால் வில் போலப் புடைக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஆற 9 முதல் 12 மாதம்கூட ஆகும்.

சூடு போட்டால் ரத்தம் இழுத்து வந்து ஆற்றும் என்பது பழைய கணக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 1980-களில் இதை ஆராய்ந்தவர்கள் பலன் ஏதும் காணவில்லை. 1991-இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அமைப்பு இதை நெறிக்குப் புறம்பானது என்றே சொல்லிவிட்டது. "சூடு போட்ட குதிரை தேறியதே" என்று கேட்பார்கள். புண் ஆறும்வரை அதை வண்டியில் பூட்ட முடியாதே, அந்த ஓய்வில்தான் தேறியிருக்கும்.

வலி மருந்தை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். மருத்துவர் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோனோ மெலாக்சிகாமோ முதல் சில நாட்களுக்கு நல்லது. ஆனால் வலி தெரியாத குதிரை அடிபட்ட காலை அழுத்தி ஊன்றும், கிழிசல் பெரிதாகும். நாள் கணக்கில் நீட்டினால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு. மனிதருக்கான டைக்ளோஃபினாக்கை மருந்துக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. செத்த மாடுகளின் உடலில் இருந்த அந்த மருந்துதான் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது. கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது.

என் ஓட்டு குளிர்ச்சிக்கும் ஓய்வுக்கும்தான். முதல் இரண்டு நாள், ஒரு தடவைக்கு 20 நிமிடமாக, நாளுக்கு நான்கைந்து தடவை காலைக் குளிர வைக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல்தான் மூடுவார்கள் என்பதால், தையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் பக்கத்தில் இருந்தால் அதில் நிறுத்தலாம். கோடையில் ஐஸ் கட்டிதான். இந்த இரண்டு நாளில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். அப்புறம் கையில் பிடித்து மெதுவாக நடத்துவது. வீக்கம் வடிந்துவிட்டதே என்று பூட்டாமல், ஸ்கேன் பார்த்த பிறகே ஓட விட வேண்டும்.

மூட்டுத் தேய்மானத்துக்குக் கணக்கு வேறு. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும், செலவும் குறைவு. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால், அதிலும் மெதில்பிரெட்னிசலோன் வகை, குருத்தெலும்பை அரிக்கும். மூட்டை வழுவழுப்பாக வைக்கும் ஹையலுரோனிக் அமிலம் சாது, விலைதான் அதிகம். குதிரையின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணு செறிந்த நீரான பி.ஆர்.பி. சிலதுக்குக் கேட்கிறது, சிலதுக்குக் கேட்பதில்லை. வயதான குதிரைக்கு எப்போதாவது ஸ்டீராய்டு சரி. இளங்குதிரைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மூட்டுக்குப் பக்கத்தில் காயம்பட்டு, மஞ்சளாகப் பிசுபிசுவென்று நீர் கசிந்தால் இந்த அலசலெல்லாம் ஆகாது. வாய்க்காலிலும் இறக்கக் கூடாது. சுத்தமான துணியால் கட்டி, அன்றைக்கே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்கோ ஏற்றிப் போய்விட வேண்டும். மூட்டுக்குள் கிருமி போனால் கழுவி எடுக்கக் கிடைப்பது சில மணி நேரம்தான். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். கால்நடைகளில் அந்த நோய்க்கு எளிதில் விழுவது குதிரைதான்.