லெட்ரோசோல் 2.5 மி.கி.: நல்ல மாத்திரைதான், ஆனால் யாருக்கு?

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் உற்பத்தியை நிறுத்தும் மாத்திரை லெட்ரோசோல். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஐந்து மாத்திரை அட்டையாகவும் பத்து மாத்திரை அட்டையாகவும் கிடைக்கிறது. குழந்தைப்பேறு சிகிச்சையின் ஐந்து நாள் கணக்குக்கு முதலாவது தோது. மார்பகப் புற்றுநோய்க்கு தினம் ஒன்று, பொதுவாக ஐந்து வருஷம். அதற்குப் பத்து மாத்திரை அட்டையே வாங்குங்கள்.

வேலையில் குறை சொல்ல வழியில்லை. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு, தசை, மார்பகத் திசுவில் உள்ள அரோமடேஸ் நொதிதான் அட்ரீனல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கட்டி சும்மா இருக்காது. புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருளைச் சுரந்து, பக்கத்துக் கொழுப்பில் அரோமடேஸ் மரபணுவின் இன்னொரு சுவிட்சைப் போட்டு, தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனை அங்கேயே தயாரிக்க வைக்கும். லெட்ரோசோல் நொதியின் ஹீம் என்ற பகுதியிலுள்ள இரும்பில் போய் ஒட்டிக்கொள்ள, உடல் முழுக்க 98 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி நின்றுவிடுகிறது. இன்னொரு மார்பகப் புற்றுநோய் மருந்தான தமாக்சிஃபென் உற்பத்தியைத் தொடுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் ஏற்பியைத்தான் அடைக்கும்.

சறுக்குவது சூலகம் இயங்கும் பெண்களிடம். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை சூலகத்தைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனைக் கூட்டும், சூலகம் இன்னும் வேகமாக ஓடும். கருமுட்டை வளர்க்க இதே மாத்திரையைக் கொடுப்பது இதனால்தான். (அந்த உபயோகத்தை இந்தியாவில் 2011ல் தடை செய்து, 2017ல் விலக்கினார்கள்.) கீமோவுக்குப் பின் மாதவிலக்கு வரவில்லை என்பதை மட்டும் நம்பி ஆரம்பிக்கக் கூடாது, சூலகம் மறுபடி விழித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு 28 நாளுக்கு ஒருமுறை சூலகத்தை அடக்கும் கோசெரலின் 3.6 மி.கி. ஊசி போன்றதும் சேர வேண்டும்.

பெரிய குறை மூட்டு வலி. காலையில் விரல் மடங்காது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு விடியுமுன்னே கத்தி பிடிக்க வேண்டுமே! பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது இங்கேதான். நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். இதே வகையில் அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. உண்டு, எக்ஸெமெஸ்டேன் 25 மி.கி.யும் உண்டு. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றது ஒத்துக்கொள்வது உண்டு. எக்ஸெமெஸ்டேனை மட்டும் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. லெட்ரோசோலுக்கு அந்தக் கணக்கில்லை.

எலும்பும் தேயும். ஆரம்பிக்கும்போதே எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், பிறகு ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. நெத்திலியை முள்ளோடு தின்பது கால்சியத்துக்கு நல்லதுதான். வைட்டமின் டி குறைவை அது ஈடுகட்டாது.

ஒருநாள் மறந்தால் பதற வேண்டாம். பாதி மருந்து வெளியேறவே ஏறக்குறைய இரண்டு நாளாகும். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.