செம்பருத்தியா, மஞ்சளா? சூரியக் கலத்துக்கு எந்தச் சாயம்

பள்ளிக் கண்காட்சிக்குச் சாயத்தில் வேலை செய்யும் சூரியக் கலம் செய்வோம் என்று சொன்னதுமே பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் மஞ்சள் இல்லாத அடுப்படியும் கிடையாது, செம்பருத்தி இல்லாத கொல்லையும் அபூர்வம், அதனால் செலவில் வித்தியாசம் இல்லை. இரண்டையும் செய்து பார்த்தோம். நான் செம்பருத்தி கட்சி.

செய்முறை ஒன்றுதான். மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு பூசி 450 டிகிரியில் சுட வேண்டும், சாயத்தில் ஊறவைத்து, அயோடின் கரைசல் விட்டு, கரி பூசிய இன்னொரு கண்ணாடியால் மூட வேண்டும். 1991-ல் ஓ'ரீகன், கிரெட்செல் என்ற விஞ்ஞானிகள் ருத்தேனியம் என்ற உலோகம் கலந்த சாயத்தை வைத்து, விழும் வெளிச்சத்தில் 7 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக்கிக் காட்டினார்கள். பூ, வேர்ச் சாயங்கள் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள்ளேயே நிற்கும்.

நிறத்தைப் பார்த்தால், மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியைத்தான் அதிகம் எடுக்கும், செம்பருத்தியின் சிவப்புச் சாயமான சயனிடின் பச்சை ஒளியை எடுக்கும். சரி, அது பெரிய விஷயமில்லை. என்னை முடிவெடுக்க வைத்தது பிடிமானம்.

வெளிச்சம் பட்டதும் சாய மூலக்கூறு ஒரு எலக்ட்ரானை டைட்டானியத்திடம் கொடுக்க வேண்டும், அதுவும் நொடியில் மிக மிகச் சிறிய பங்குக்குள், அதற்கு மூலக்கூறு அதோடு ஒட்டியிருக்க வேண்டும். சயனிடினில் ஒரு கார்பன் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அவை இரண்டும் சேர்ந்து ஒரு டைட்டானியம் அணுவை இடுக்கி மாதிரி கவ்விக்கொள்கின்றன. ஸ்ட்ராபெரியும் சிவப்புதான், ஆனால் அதில் முக்கியமாக இருக்கும் பெலார்கோனிடினில் அந்த இடத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில், அதனால் அப்படிக் கவ்வ முடியாது. ஆய்வகங்களில் செய்யும் சாயங்களுக்கு ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலத்தைக் கோப்பதும் இந்தப் பிடிக்காகத்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எலுமிச்சை பிழிந்த செம்பருத்திச் சாறு நல்ல சிவப்பு. அதில் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிச் சுட்ட வெள்ளைக் கண்ணாடித் தட்டை அரை மணி நேரம் போட்டு எடுத்தால் தட்டு சிவப்பாக வராது, கத்தரிப்பூ நிறத்தில் வரும். அந்த நிறமாற்றம்தான் சாயம் கவ்விவிட்டதற்கு அடையாளம், அப்புறம் ஸ்பிரிட் விட்டு அலசினாலும் நிறம் நின்றது.

குர்குமினிலும் இரண்டு முனையிலும் வளையம் உண்டு, ஆனால் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஹைட்ராக்சில் இல்லை, ஹைட்ரஜனுக்குப் பதில் கார்பன் கோத்த மெத்தாக்சிதான் இருக்கிறது, அதனால் முனைகளுக்கு அந்தக் கவ்வு வராது. பிடிப்பதெல்லாம் நடுச் சங்கிலியில் உள்ள இரண்டு ஆக்சிஜன்கள்தான். வெயில் பட்டால் அறுந்துபோவதும் அதே சங்கிலிதான். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை கொடியில் காய்ந்தால் வெளுத்துப்போகிறதே, அந்தச் சங்கதிதான் இங்கேயும். வெயிலில் வைக்க வேண்டிய பொருளுக்கு வெயில் தாங்காத சாயம் எனக்குச் சரிப்படவில்லை. செம்பருத்தியும் காலத்துக்கும் நிற்காது, ஆனால் எங்கள் தட்டுகளில் மஞ்சள்தான் முதலில் வெளுத்தது.

பீட்ரூட்டை ஒரே ஒரு தடவைதான் போட்டேன். அதன் சாயமான பெட்டானினில் கார்பாக்சிலிக் அமிலங்களே இருப்பதால் செம்பருத்தியை முந்தவும் கூடும், ஆனால் நான் சாற்றைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிட்டேன், அந்தச் சாயம் சூடு தாங்காது. அடுத்த முறை பச்சையாகத் துருவிப் பிழிந்து போட வேண்டும்.