ரவுண்டா, ஃபிளாட்டா? நம்ம ஊர்க் காற்றுக்கு எந்த பேஸ் கம்பி

போன தை மாதம் என் பேஸ் கிட்டாரில் கம்பி மாற்றினேன். கழற்றிய செட் மூன்று வருடம் எட்டு மாதம் உழைத்திருந்தது. அதற்கு முன்னால் இதே கிட்டாருக்கு வருடத்துக்கு நாலு செட் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மயிலாடுதுறையில் இருந்துகொண்டு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். பங்குனியில் ஆரம்பித்து ஆடி முடிகிறவரை கோயில் திருவிழா, ஆவணியில் மாதா கோயில் திருவிழா, நடுநடுவே கல்யாண வரவேற்பு. பாதி வருடம் கிட்டார் வெட்டவெளி மேடையில்தான் கிடக்கும். எந்தக் கம்பி நல்லது என்று கேட்டால் பலரும் சத்தத்தை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். டெல்டாவில் வாசிக்கிறவர் முதலில் கேட்கவேண்டியது வேறு: இந்தக் காற்றுக்கும் இந்த வேர்வைக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் உள்ளே எஃகுக் கம்பிதான். அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட் வவுண்ட். பட்டை நாடாவைச் சுற்றினால் ஃபிளாட் வவுண்ட். ரவுண்டின் மேல் மெல்லிய பாலிமர் உறை இருந்தால் கோட்டட். 1951இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரசிஷன் என்ற பேஸ் கிட்டார் வந்த காலத்தில் ஃபிளாட்தான் வழக்கம். அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் கம்பெனி ஸ்விங் பேஸ் செட்டைக் கொண்டுவந்த பிறகுதான் ரவுண்ட் பரவியது. இன்று புது கிட்டார் வாங்கினால் பெரும்பாலும் ரவுண்ட்தான் மாட்டியிருக்கும்.

சத்தத்தில் ரவுண்ட் பளிச்சென்று இருக்கும். கட்டைவிரலால் தட்டி ஸ்லாப் வாசிக்க அதுதான் சரி. அதிலேயே நிக்கல் பூசியது கொஞ்சம் மென்மை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் கூர்மை, ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளை, அதாவது ஃபிரெட்டை, வேகமாகத் தேய்க்கும். ஃபிளாட் உருண்டு திரண்டு, அடங்கிய சத்தம் தரும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி பராமரிப்பு. ரவுண்ட் கம்பியின் மேல் நகத்தை ஓட்டினால் கரகரவென்று வரும். அந்த வரிகளுக்கு இடையில்தான் எல்லாம் போய் உட்காரும்: வேர்வை, தோல் அழுக்கு, மேடைப் புழுதி. ஒரு கம்பி முழு நீளத்துக்கும் ஒரே எடையாக இருந்தால்தான் மேல்சுருதிகள், அதாவது அடிநாதத்தோடு சேர்ந்து வரும் மேல் நாதங்கள், சுத்தமாக ஒலிக்கும். அழுக்கு ஏறினால் எடை அங்கங்கே மாறும், அதிர்வும் சீக்கிரம் அடங்கிவிடும். முதலில் அந்தப் பளிச் போகும். அப்புறம் ட்யூனர் சரி என்று காட்டினாலும் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் சுருதி விலகி நிற்கும். உள்ளூர் மேடையில் எனக்குப் புது ரவுண்ட் செட்டின் பளபளப்பு மூன்று நிகழ்ச்சிக்கு மேல் நின்றதில்லை.

கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் மோசம். ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் ராத்திரி நிகழ்ச்சி. விடியற்காலை மூன்று மணிக்குத் துடைக்காமல் பையில் வைத்துவிட்டேன். மறுநாள் மத்தியானம் திறந்தால் ஈ (E) கம்பியில், அதாவது நாலிலும் தடித்த கம்பியில், கட்டைவிரல் படுகிற இடம் முழுக்க மிளகு தூவியது மாதிரி பழுப்புப் புள்ளிகள். வெள்ளைப் பனியன் துணியால் துடைத்தேன், துணியில் துருக்கோடு விழுந்தது. செட் வாங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா வீணை வாசிப்பவர். அவர் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு வாசிப்பார். "நீயும் ஒரு சொட்டு தொட்டுக்கோ தம்பி, துரு பிடிக்காது" என்றார். வீணையின் சாரணி வழவழப்பான வெறும் எஃகுத் தந்தி, அதற்கு எண்ணெய் பொருந்தும். என் ரவுண்ட் கம்பியில் அதே எண்ணெய் வரிகளுக்குள் இறங்கிப் புழுதியைப் பிடித்துவைத்துக்கொண்டது. இரண்டே நாளில் சத்தம் செத்துவிட்டது. கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து எடுக்கிற வித்தையும் செய்து பார்த்தேன். உயிர் திரும்பும், உண்மைதான். ஆனால் ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்குத்தான். திரும்பத் திரும்பக் கழற்றிச் சுற்றினால் கம்பி முறுக்கும் இடத்தில் அறுந்தும் போகும்.

ஃபிளாட்டுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். டடாரியோ கம்பெனியின் குரோம்ஸ் செட், 45-100 (மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). மேலே சுற்றியிருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடா, இடுக்கே தெரியாத அளவு வழவழப்பு. அழுக்கு மேலேயே நிற்கும், ஒரு துடைப்பில் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு: ஃபிளாட்டில் பளிச் சத்தம் ஆரம்பத்திலேயே குறைவு என்பதால், இழக்கவும் அதிகம் இல்லை. முதல் மாதம் கொஞ்சம் கம்பி நாதம் தூக்கலாக இருந்தது. அது அடங்கிய பிறகு மூன்று வருடமும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரசிஷனில் லா பெல்லா ஃபிளாட்டைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்று சொல்வார்கள். அதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது இருக்கிறது.

விலை ரவுண்டைவிடக் கணிசமாக அதிகம். நான் வாங்கியபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடத்துக்கு நாலு செட் என்ற என் பழைய கணக்கில், ஆறு மாதத்திலேயே அந்தக் காசு திரும்பிவிட்டது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். விரலுக்கு ஃபிளாட் இறுக்கமாகத் தெரியும். ஆரம்பத்தில் மணிக்கட்டு வலித்தது. இழுவிசை கூடினால் கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளையும், அதை நிமிர்த்த உள்ளே இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கொஞ்சம் முறுக்க வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்து எப்படியும் அசையும் என்பதால், அதை முறுக்கும் சாவி என் பையில் எப்போதும் உண்டு. ஸ்லாப் எடுபடாது. மட்டமான ஒலிபெருக்கி அமைந்த மேடையில் ஃபிளாட் அமுங்கிப்போகவும் செய்யும். ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். கிராமத்து மேடையின் ஸ்பீக்கர் பாக்ஸ் பலவற்றில் அது வெளியே வராது, மேல்சுருதிகளை வைத்துத்தான் காது அதை அடையாளம் காணும். நான் ஆம்ப்பில் நடுத்தர ஒலியைக் கொஞ்சம் ஏற்றிச் சமாளிக்கிறேன். எண்பதுகளின் திரைப்பாட்டில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அதற்கு இந்தத் திரண்ட சத்தம் உட்காருகிற அழகு வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கோட்டட் பற்றி என் அனுபவம் எலிக்சர் கம்பெனியின் ஒரே ஒரு செட், ஒரு சீசன். ரவுண்டின் சத்தம், ரவுண்டைவிட நன்றாக நீண்ட ஆயுள். நான் விரல் ஊன்றும் இடத்தில் உறை நூல்நூலாகப் பிரிய ஆரம்பித்தது. அது என் கை அழுத்தமா, எல்லோருக்கும் அப்படியா என்று ஒரு செட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நைலான் நாடா சுற்றிய கம்பியை நான் வாசித்ததே இல்லை.

ஃபிளாட் மாட்டப்போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். நுனியில் சுற்றியிருக்கும் பட்டு நூல், கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட் என்ற கட்டையைத் தாண்டி முறுக்காணிப் பக்கமே இருக்கவேண்டும். அதற்கு, கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமாக உள்ள கிட்டாருக்கு லாங் ஸ்கேல் என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், முறுக்காணியில் நுழைக்கிற இடத்தில் கம்பியை முதலில் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடக்குக்கு அப்பால்தான் வெட்டவேண்டும். மடக்காமல் வெட்டினால் நாடா உள்ளே நழுவிப் பிரிந்து, புது செட்டிலேயே ஒரு கம்பி ஊமையாகிவிடும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணே, நானும் ஃபிளாட்டே போட்டுடவா?" என்று கேட்டான். அவனுக்கு ஸ்லாப்பில்தான் உயிர். நிக்கல் ரவுண்ட் 45-100 வாங்கச் சொன்னேன். கூடவே என் பழைய பருத்தி வேட்டியில் அரை முழம் கிழித்து அவன் பையில் வைத்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும், மேடையிலிருந்து இறங்கும் முன்னாலேயே, நாலு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைக்கவேண்டும். போன வாரம் திருக்கடையூரில் துடைத்தான், பார்த்தேன்.